எரிந்து முடியாத சீனப் பத்தி

காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் என் கையைத்தான் பார்ப்பேன். பார்ப்பேன் என்றால் கண்ணால் இல்லை. விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே, போர்வைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பேன். மடங்காது. விரல் கணு, அந்த மொளி எல்லாம் வீங்கி, தொட்டால் அடுப்புப் பக்கத்தில் வைத்த சொம்பு மாதிரி சுடும். வெளியே அவ்வளவு குளிர். விரல் மட்டும் சுடும். அந்தச் சூடுதான் எனக்குப் பயம்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கையால் கொழுந்து கிள்ளுவதை விட்டுவிட்டு, கத்தரி கொடுத்திருந்தார்கள். கத்தரியின் ஒரு தகட்டில் பெட்டி மாதிரி ஒன்று வைத்திருக்கும். வெட்டுகிற கொழுந்து அதில் விழும். நிறைந்ததும் தலைக்கு மேலே தூக்கி, முதுகில் தொங்குகிற கூடைக்குள் கொட்ட வேண்டும். கையால் கிள்ளிய காலத்தில் என் நெரையில், எனக்கு விட்ட செடி வரிசையில், ஒரு முத்தல் இலை கண்டுபிடிக்க முடியாது. கங்காணி மற்றவர்கள் கூடையில் கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார், என் கூடையைப் பார்க்காமலே போவார். கத்தரியிலும் நான்தான் முன்னால் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தக் கை வேறு யாருக்கும் இல்லை.

முதலில் வலது மணிக்கட்டு வீங்கியது. பிறகு விரல்கள். பிறகு இடது கையும். இடது கை கத்தரியை அவ்வளவு அழுத்திப் பிடிப்பதில்லை, அது ஏன் வீங்க வேண்டும் என்று யோசித்தபோதுதான் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அம்மாவின் கை எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன, மழை அடித்துச் சாய்த்த புல் மாதிரி. சோறு பிசைய முடியாது. தலையை அள்ளி முடிய முடியாது. நான்தான் ஊட்டினேன். வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பெற்ற பிள்ளை ஊட்டுவதைப் பார்க்க அவளுக்கு வெட்கம். எனக்கு வேலை போய்விடும், வீடு போய்விடும் என்று பயமில்லை. வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவர் பேரில் இருந்தது. எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிற நாள் எனக்கு வரக்கூடாது.

யாருக்கும் சொல்லவில்லை. இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்குக்குள் கையை மறைத்துக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்பேன். ஆனால் பக்கத்து நெரைக்காரி ஒருத்தி இருந்தாள், வாய்க்காரி. அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

“என்னாக்கா, இன்னைக்கு ஒன்னைய நான் முந்திட்டேன். கொழுந்தெல்லாம் ஒன்னையப் பாத்து ஒளிஞ்சிக்கிச்சா?”

“நீ ஒரு நாளாவது முன்ன போவட்டும்னு விட்டேன்.”

“அப்பிடியா. கையக் காட்டு.”

“எதுக்குடி?”

“காட்டுலா.”

காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தவள் வாயை மூடிவிட்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

“டிரசர்கிட்ட போனியா?”

போயிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் நல்ல மனிதர், ஈப்போ பக்கத்துக்காரர். மாத்திரை கொடுத்தார். மாத்திரை வீக்கத்தைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் வயிற்றைப் பிய்த்து எடுக்கும். ஒரு நாள் நெரையிலேயே குந்திவிட்டேன்.

“பிரிஞ்சாங் டவுன்ல மருந்துக்கடை வச்சிருக்கிற சீனத் தவுக்கேகிட்ட போ,” என்றாள். “எங்கூட்டு ஆளு முட்டி பலாக்காயாட்டம் கெடந்துச்சி. இப்ப பாரு, என்னைய வெரட்டிக்கிட்டு ஓடுறாரு.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் நானும் பஸ் பிடித்துப் போனோம். இருட்டான கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். மரப்பட்டை, வேர், காய்ந்த பூ எல்லாம் கலந்து ஒரு வாசனை. நாடி பார்க்கிறவரைச் சின்சே என்பார்கள். அந்தக் கடையில் தவுக்கேவே சின்சே. என் இரண்டு கை நாடியையும் மாறி மாறிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வீங்கிய மொளியின் மேல் கட்டைவிரலை வைத்து, சூடு பார்க்கிற மாதிரி வெகுநேரம் வைத்திருந்தார்.

“ஆச்சி, காத்து, ஈரம், குளிர். மூணும் எலும்புக்குள்ள போய் உக்காந்திருக்கு,” என்றார், மலாயிலும் உடைந்த தமிழிலுமாக. “வெளிய வரணும்.”

பிறகு இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தார். இஞ்சி தெரிந்தது. அதிமதுரம் தெரிந்தது. மஞ்சளாக ஒரு கட்டை. காய்ந்த மொட்டுகள். கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு டின்னை இறக்கி, கறுப்பாகச் சுருங்கிய வேர்த் துண்டுகளை மட்டும் கரண்டியால் எடுத்துப் போட்டார். கையால் தொடவில்லை. அதைக் கவனித்தேன்.

ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சீனப் பத்தியைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். நம் பத்தி மாதிரி இல்லை. விரல் தடிமன், முழங்கை நீளம். வீட்டுக்காரர் அப்போது வெளியே பஸ் பார்க்கப் போயிருந்தார். தவுக்கே என்னிடம்தான் சொன்னார். மருந்து கொதி வந்ததும் பத்தியைக் கொளுத்த வேண்டும். பத்தி எரிந்து முடிகிறவரை மருந்து கொதிக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டே. பத்தி முடியாமல் குடிக்கக் கூடாது. “பஹாயா, ஆச்சி,” என்றார். ஆபத்து. அதைச் சொல்லும்போது அவர் கண் என் கண்ணை விட்டு நகரவில்லை.

அப்படியே செய்தேன். வேலை விட்டு வந்ததும் மண்சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பேன். பால் டின்னில் மணல் நிரப்பி, அடுப்படியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன், காற்றுப் படாத இடம் அது ஒன்றுதான். பத்தியை அதில் செருகிக் கொளுத்துவேன். அது சாம்பலாகி விழுகிறவரை சட்டியை விட்டு நகர மாட்டேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. குடித்ததும் உள்ளே ஒரு சூடு இறங்கும், விரல் நுனி வரைக்கும் போவது தெரியும்.

இரண்டாவது தடவை மருந்து வாங்கி வந்தபின், ஒரு காலையில் போர்வைக்குள் விரலை மடக்கினேன். மடங்கியது. நம்பவில்லை. மறுபடி மடக்கினேன். மொளியில் சூடு இல்லை. எழுந்து உட்கார்ந்து, தலையை நானே அள்ளி முடிந்தேன். வீட்டுக்காரர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுவுறியா?”

“பொக.”

“அடுப்பு இன்னும் பத்த வைக்கலயே.”

நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இனிமேல்தான் அந்த நாள் வருகிறது.

மழைக்காலம். கொழுந்து தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு மலையை முடித்தபின் இன்னொரு மலைக்கும் போகச் சொல்லிவிட்டார் கங்காணி. வீட்டுக்காரருக்கு அன்று காலை வேலை, பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் நனைந்து நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, வீடு முழுக்க மருந்து வாசனை. அவர் கையில் டம்ளரோடு நிற்கிறார்.

“குடி. சூடா இருக்கு. நானே போட்டேன்.”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்காக அடுப்பில் வைத்தது அதுதான் முதல் தடவை. ஈரச் சேலையோடு நின்றபடியே வாங்கிக் குடித்தேன். என்ன கேள்வி கேட்பது அந்த நேரத்தில். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். உதடு மரத்தது. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, அந்த மாதிரி. குளிர் என்று நினைத்தேன். பிறகு நாக்கு நுனி. பிறகு நாக்கே எனக்குச் சொந்தமில்லாத துண்டு மாதிரி வாய்க்குள் கிடந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் நெஞ்சு. நெஞ்சு ஓடியது, நின்றது, இரண்டு தரம் தாவியது, மறுபடி நின்றது. அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு மாதிரி பயம் இந்த ஆயுசில் எனக்கு வேறு இல்லை. பிள்ளை பெறும்போதுகூட இல்லை.

“ஏங்க,” என்று கூப்பிட்டேன். சொல் சரியாக வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்த முகத்திலிருந்து, நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

கொழுந்து லோரி லயத்துக்கு மேலே ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் உட்கார வைத்தார்கள். வாசலில் நின்ற பக்கத்து நெரைக்காரி தன் கம்பளியை என் மேல் போட்டாள். லோரி நேராக டிரசர் வீட்டுக்குப் போனது. அவர் சாப்பிட்ட கையோடு வந்து ஏறிக்கொண்டார். என் நாடியைப் பிடித்துக்கொண்டே, “தானா ராத்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு வுடு,” என்றார் டிரைவரிடம். பிறகு வீட்டுக்காரரிடம், “அண்ணே, என்னா சாப்பிட்டாங்க?”

“ஒண்ணுமில்லயே. சீனன் மருந்துதான். தெனம் குடிக்கிறதுதான்.”

“அதுல கறுப்பா வேரு இருக்கா?”

“இருக்கு.”

டிரசர் கை என் மணிக்கட்டில் இறுகியது. “எவ்வளவு நேரம் வேக வச்சீங்க?”

“மூணு டம்ளர் ஊத்தி ஒரு டம்ளரா சுண்ட வச்சேன். கஷாயம் எல்லாம் அப்பிடித்தானே. நல்ல காஞ்ச வெறகு, சீக்கிரமாவே சுண்டிருச்சி.”

அப்போது லோரி லயத்துக் கடைசியில் முனியாண்டி மேடையைத் தாண்டியது. தகரக் கூரைக்குக் கீழே, மசங்கிய வெளிச்சத்தில், முனியாண்டி காலடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. விரல் தடிமனான பத்தி. முழுசாக எரிந்திருக்கவில்லை. பாதிகூட எரிந்திருக்கவில்லை. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

மருந்து கொதித்து, சுண்டி, நான் குடித்து, சாகிற நிலைக்கும் வந்தாகிவிட்டது. பத்தி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

என்னால் பேச முடியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். டிரசர் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர்தான் சொன்னார்.

“அது மருந்தோட வர்ற பத்திங்க. இவ தெனம் முருகன் படத்துக்குக் கீழ ஏத்துவா. நமக்கு உடம்புக்கு வந்தா முனியாண்டிக்கு ஏத்துறதுதானே வழக்கம், அதான் அங்க கொண்டுபோய் வச்சிட்டு வந்து சட்டிய ஏத்துனேன். மருந்து அவங்களது, சாமி நம்மளது. ரெண்டும் சேந்தா நல்லதுதானேன்னு.”

லோரி வளைவு வளைவாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் என் நெஞ்சு ஒரு தரம் விட்டுப்போய் வந்தது. டிரசர் மெதுவாக, “அது அடுப்புக்கு, அண்ணே. வேகுற நேரத்த அளக்கிறதுக்கு,” என்றார். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்த நிலையிலும் அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கையைப் பிடிக்கப் பார்த்தேன். என் விரல் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். கையில் ஊசி ஏற்றித் தண்ணீர் இறக்கினார்கள். ஒரு நர்ஸ் என் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியில் அசைந்தால்கூட எனக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். வெளியே நீளமான வராந்தாவில் வீட்டுக்காரர் நடக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றபோதெல்லாம் என்னைப் பற்றி யாரோ வந்து என்னவோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

விடிந்தபோது உதடு சுரீர் என்று வலித்தது. வலி தெரிகிறதே என்று அழுதேன்.

டிரசர் மறுநாள் வந்து பார்த்தார். அது என்ன வேர் என்று கேட்டேன்.

“நம்ம வைத்தியத்துல வச்சநாபிம்பாங்களே, அந்தச் சாதிம்மா.”

நாபி விஷம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விஷத்தையா இத்தனை நாள் குடித்தேன் என்று கேட்டேன்.

“வெந்தா மருந்து. வேகாட்டி வெஷம்,” என்றார். “வீக்கம்ங்கிறது என்னா? நம்ம உடம்பு நம்மளக் காப்பாத்த ஆளு அனுப்புது. எதிரியே இல்லாத எடத்துல அவனுங்க நின்னுக்கிட்டு, நம்ம வூட்டையே கொளுத்துறானுங்க. அதான் மொளியெல்லாம் சுடுது. அந்த வேருல இருக்கிற சத்து அவனுங்களக் கொஞ்சம் அடக்குது, வலி போற நரம்பையும் தூங்க வைக்குது. வேகாம போனா நெஞ்சத் துடிக்க வைக்கிற நரம்பையும் சேத்துத் தூங்க வச்சிரும். நெருப்புல நின்னு வேகணும். வேக வேகத்தான் அந்த வெஷம் ஒடைஞ்சி சாதுவாகும். அதுலயும் நம்ம மலை ஒசரம். இங்க தண்ணி கொதிக்கிற சூடு, கீழ கொதிக்கிற சூட்ட விடக் கம்மி. பருப்பு வேக எவ்வளவு நேரமாவுது, பாக்கிறீங்கல்ல? அதனாலதான் தவுக்கே அவ்வளவு பெரிய பத்தியக் குடுத்திருக்காரு.”

“அதிமதுரம்?”

“அதுவும் வீக்கத்த அடக்கும். இனிப்பா இருக்கேன்னு அள்ளித் தின்னா பிரஷர் ஏறும். எதுவும் சும்மா இல்லம்மா.”

வீட்டுக்கு வந்தேன். மருந்துப் பொட்டலங்களைக் கூரைக்கடியில் சொருகி வைத்தோம். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம். கசப்பாக எது நாக்கில் பட்டாலும் எனக்கு நெஞ்சு தாவும். பாகற்காய்கூடச் சாப்பிடவில்லை.

ஆனால் விரல் சும்மா இருக்குமா. குளிர் கூடக் கூட மொளி மறுபடி சூடேறியது. ஒரு காலை எழுந்து, தலையை முடிய முடியாமல் நின்றேன். பின்னாலிருந்து வீட்டுக்காரர் வந்து என் கூந்தலை எடுத்து முடிந்துவிட்டார். கோணலாக முடிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்று தெரிந்ததும், தூக்கிப்போட்டது. அம்மாவின் கண் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பிரிஞ்சாங் போனோம். நடந்ததை வீட்டுக்காரரே சொன்னார். தவுக்கேயின் முகம் வெளுத்துவிட்டது. மேல் தட்டு டின்னை இறக்கி, மூடியைத் திறக்காமலே, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

“அது இனி வேணாம் ஆச்சி. மத்தது போதும். மெதுவாத்தான் எறங்கும். பொறுத்துக்கணும்.”

அந்தப் பொட்டலத்தில் கறுப்பு வேர் இல்லை. மஞ்சள் கட்டை, மொட்டு, இஞ்சி, கொஞ்சம் அதிமதுரம். பத்தியும் கட்டவில்லை. அதற்குத் தேவையில்லை என்றார்.

வீட்டுக்காரர் கேட்கவில்லை. கடையிலிருந்து ஒரு கட்டுப் பத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அன்றிலிருந்து மருந்து வைப்பது அவர் வேலை. பால் டின்னை முருகனுக்குக் கீழே இருந்து எடுத்து, அடுப்புத் திண்டின் மேலேயே வைத்தார். எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பத்தி சாம்பலாகி விழுகிறவரை எழ மாட்டார். யாராவது வாசலில் கூப்பிட்டால்கூட, “இரு, வேலையா இருக்கேன்,” என்பார். அதற்கு முன்னால் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தவர் இல்லை அவர்.

“இதுக்கு வேணாம்னாரே தவுக்கே.”

“இருக்கட்டும்.”

டம்ளரை என் கையில் கொடுக்க மாட்டார். முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு, தன் நாக்கில் வைத்துக்கொள்வார். காத்திருப்பார். நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பேன், என் பயம் இப்போது இரண்டு பேருக்கும் ஆகிவிட்டதே என்று. பிறகுதான் எனக்கு. குடித்து முடித்ததும் குனிந்து என் வாயைப் பார்ப்பார்.

“நாக்கு இருக்கா?”

“இருக்கு.”

“பேசிக் காட்டு.”

“பேச ஆரம்பிச்சா நீங்கதான் நிறுத்தச் சொல்லணும்.”

தினமும் இதே பேச்சுத்தான். ஒரு நாளும் அவர் அதைச் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை.

தவுக்கே சொன்ன மாதிரி, மெதுவாகத்தான் இறங்கியது. பழையபடி முழுக்கச் சரியாகவில்லை. வலது சுண்டுவிரல் கொஞ்சம் கோணல், மழை வருவதை எனக்கு முன்னால் அதுதான் சொல்லும். கத்தரியில் பக்கத்து நெரைக்காரி என்னை முந்திக்கொண்டுதான் போனாள், வயதான பிறகும் அதைச் சொல்லிக் காட்டினாள். போகட்டும். மற்ற விரல்கள் நேராக நின்றன.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மருந்தும் விட்டுவிட்டேன். இப்போதும் காலையில் போர்வைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கிறேன். மடங்குகிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை. மடங்கியதும் எழுந்து, தலையை நானே முடிந்துகொண்டு, நாக்கால் உதட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன்.

சோறு நான் பிசைந்துதான் சாப்பிடுகிறேன். கண்ணைத் திறந்துகொண்டு.